பெரிய ஆற்று மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைக் கண்டறிவது எப்படி? வெள்ளை ஸ்டர்ஜனை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வயதில் எங்கள் வீட்டில் வாளை மீன் ஒன்றை அரிந்தபோது, அதன் குடலில் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று கிடைத்தது. முள்ளைச் சுற்றி வெண்மையான தடித்த சதை வளர்ந்திருந்தது. எங்கள் கையில் சிக்குவதற்கு வெகு நாள் முன்பே அந்த மீன் வேறு யாரிடமிருந்தோ தப்பியிருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. மீனை அரியாமல், உயிரோடு வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி அப்போது தொற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்து ஸ்னேக் ஆற்றில் வெள்ளை ஸ்டர்ஜன் மீன்களை ஆராய்பவர்கள். இந்தப் பக்கம் அந்த மீனை மையமாக வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

வெள்ளை ஸ்டர்ஜன் எப்படிப்பட்ட மீன்?

வட அமெரிக்காவின் நன்னீரில் காணப்படும் மீன்களில் மிகப் பெரியது. உடலில் செதில் கிடையாது. முதுகில் ஒன்று, விலாவில் இரண்டு, வயிற்றோரம் இரண்டு என ஐந்து வரிசையில் எலும்புக் கேடயங்கள் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் எலும்புக்கூடோ பெரும்பாலும் குருத்தெலும்பு. 2022-ஆம் ஆண்டு இடாஹோவின் சி.ஜே. ஸ்டிரைக் நீர்த்தேக்கத்தில் தூண்டிலில் பிடித்துத் திரும்ப விடப்பட்ட மீனின் நீளம் 10 அடி 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 315 சென்டிமீட்டர்.

நூறு ஆண்டுகளுக்கு மேலும் இது வாழக்கூடியது. பெண் மீன் முதல் முறை முட்டையிடவே பதினைந்து, இருபது ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடாது. சில ஆண்டுகள் இடைவெளி விட்டுத்தான் இடும். ஆகவே பெரிய பெண் மீன் ஒன்று செத்தால், அந்த இடத்தை இன்னொன்று நிரப்ப ஒரு மனிதத் தலைமுறையே கடந்துவிடும். ஒரு முள்ளுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

பிடித்ததும் திரும்ப விட்டுவிடுகிறார்களே, பிறகு என்ன சிக்கல்?

இடாஹோவில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே ஸ்டர்ஜனைக் கொன்று எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. பிடிக்கலாம், உடனே விட்டுவிட வேண்டும். தூண்டில்காரர் அதைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவும் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் மீன் உயிரோடு நீந்திப் போவதைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதில்லை.

ஸ்னேக் ஆற்றின் குறுக்கே பிரவுன்லீ அணை 1958-இலும், ஆக்ஸ்போ 1961-இலும், ஹெல்ஸ் கேன்யன் 1967-இலும் கட்டி முடிக்கப்பட்டன. ஆறு துண்டு துண்டானது. ஓர் அணைக்கும் அடுத்த அணைக்கும் நடுவில் அடைபட்ட மீன்கள், அதே தூண்டில்காரர்கள் வரும் அதே மடுக்களில் தங்கள் நீண்ட ஆயுளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மீன் பல முறை சிக்கும். பல முறை இரையோடு முள்ளையும் சந்திக்கும்.

முள் எப்படி வயிற்றுக்குள் போகிறது?

ஸ்டர்ஜனின் வாய் தலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. வளர்ந்த மீனுக்குப் பல் கிடையாது. வாய்க்கு முன்னால் நான்கு மீசைகள் தொங்கும். அவற்றால் ஆற்றின் அடித்தரையைத் தடவி, மோப்பம் அறிந்து, வாயைக் குழாய்போல் கீழே நீட்டி இரையை உறிஞ்சிக்கொள்ளும். கடித்துப் பார்க்கும் வழக்கமே இல்லாத மீன் அது. இரைக்குள் இரும்பு இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

உள்ளே உணவுக்குழல், இரைப்பை, அதன் கடைசிப் பகுதியில் கோழியின் கல்லீரலுக்குப் பக்கத்தில் கிடக்குமே அந்த அரைப்பையைப் போலத் தடித்த தசைப் பை, பிறகு உள்ளே திருகுபோன்ற மடிப்புள்ள குடல். அந்தத் தசைப் பை நத்தையையும் நண்டையும் நசுக்குவதற்கானது. வளைந்த கூரிய முள் அங்கே போனால், பை அதையும் நசுக்கப் பார்க்கும். முள் எதிர்த்துக் குத்தும்.

மெட்டல் டிடெக்டர் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதல் சோதனையாக அதுவே போதும். விமான நிலையத்தில் காவலர் உடம்பின் மேல் ஓட்டிப் பார்ப்பாரே, அதே வகைக் கைக்கோல்தான். கோலுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதைக் கோல் உணர்ந்து ஒலி எழுப்பும். மீனைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டில் போன்ற அமைப்பில் அதை மல்லாக்கக் கிடத்தி, தொண்டையிலிருந்து கழிவுத்துளை வரை வயிற்றின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மீனுக்கும் பெரிய தொல்லை இல்லை.

ஆனால் கோல் சொல்வது "உலோகம் இருக்கிறது" என்ற ஒற்றைச் செய்தி மட்டுமே. அது முள்ளா, ஈயக்குண்டா, தூண்டில் நரம்பை இணைக்கும் சுழல் கொக்கியா, முழுதா, உடைந்த துண்டா என்று அதற்குத் தெரியாது. தொலைவு கூடக் கூட அதன் உணர்திறன் செங்குத்தாகச் சரியும். வயிற்றுத்தோலை ஒட்டிக் கிடக்கும் முள்ளுக்கு உரக்கக் கத்தும் கோல், பருத்த மீனின் நடுவுடம்பில் கிடக்கும் அதே முள்ளுக்கு வாய் திறக்காமல் இருந்துவிடலாம். துருப்பிடித்து மெலிந்த துண்டு இன்னும் மோசம். அதனால் கோல் ஒலித்தால், அருகில் ஏதோ உலோகம் இருக்கிறது என்ற அளவுக்கு நம்பலாம். ஒலிக்கவில்லை என்பதற்காக வயிறு சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது.

கோல் தவறாக ஒலிக்குமா?

ஒலிக்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மீனையும் அடையாளம் காண, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். பிட் அடையாளச் சில்லு என்பார்கள். அதற்குள் காந்தக் கருவின் மேல் சுற்றிய செப்புக் கம்பி இருக்கிறது. கோல் அதையும் உலோகம் என்றே சொல்லும். தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கத்தில் சில்லு செலுத்துவது வழக்கம் என்பதால், சில்லு படிக்கும் கருவியால் முதலில் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு வயிற்றைச் சோதிப்பதே சரியான வரிசை.

அலுமினியப் படகுக்குள் வைத்துச் சோதித்தால் படகே ஒலிக்கும். தொட்டிலின் சட்டம், சோதிப்பவரின் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் குழப்பும். வேலை தொடங்கும் முன், ஒரு மரப்பலகையில் பல அளவு முட்களை வைத்து, கோல் எவ்வளவு தொலைவில் எதை உணர்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இதைச் செய்யாமல் ஆற்றுக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து தங்கள் எண்களையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே எதற்கு?

கோல் கேட்டதைக் கண்ணால் பார்ப்பதற்கு. கால்நடை மருத்துவர்கள் குதிரையின் காலைப் படம் எடுக்கக் கொண்டு போகும் கையடக்க எக்ஸ்ரே கருவியை ஆற்றங்கரைக்கும் கொண்டு போக முடிகிறது. தொட்டிலுக்கு அடியில் தட்டையான டிஜிட்டல் பலகை, மேலே கதிர்க்கருவி, பக்கத்தில் மடிக்கணினி. சில நொடிகளில் படம் திரையில் வந்துவிடும்.

ஸ்டர்ஜன் இந்தச் சோதனைக்கு ஏற்ற மீன். உள் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் படத்தில் மங்கலாகவே தெரியும். காற்றுப்பை கறுப்பாகத் தெரியும். இந்த மங்கலுக்கு நடுவில் இரும்பு முள் பளிச்சென்று வெண்மையாக நிற்கும். முள்ளின் வளைவு, கண், எதிர்முள் இருக்கிறதா இல்லையா, நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை முட்கள் என்று எல்லாமே எண்ணிச் சொல்லலாம். (முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால், மீன் நழுவாமல் இருக்க எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சிறு கூரைத்தான் எதிர்முள் என்கிறேன்.)

இடைஞ்சல் செய்வது வெளிக்கேடயங்கள்தாம். அவை உண்மையான எலும்பு என்பதால் வெண்மையாக விழுந்து, மெலிந்த முள் துண்டை மறைத்துவிடும். இதற்கு வழி, ஒரே இடத்தை மேலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் எடுப்பது. முள் இரைப்பைக்குள் இருக்கிறதா, சுவரைத் துளைத்து வெளியே வந்துவிட்டதா என்பதற்கும் இரண்டு கோணம் தேவை. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட மீனை ஒரே படத்தில் அடக்க முடியாது. தொண்டை தொடங்கிக் கழிவுத்துளை வரை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி பல படங்கள் எடுக்க வேண்டும்.

தண்ணீருக்குள் வைத்தே எக்ஸ்ரே எடுக்கலாமே?

தண்ணீரும் மீனின் சதையும் கதிரைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் தடுக்கின்றன. ஓர் அடி ஆழத் தண்ணீர் என்பது படத்துக்கு ஓர் அடிக் கூடுதல் சதை. கதிர் சிதறிப் படம் மூடுபனியாகிவிடும். அதனால் மீனைத் தொட்டிலில் கிடத்தி, வயிற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீரை வடித்து, தலையை மட்டும் தண்ணீர் நிறைந்த மூடியின் கீழ் வைத்து, குழாய் வழியாகச் செவுள்களுக்கு ஆற்றுநீர் ஓடவிடுவார்கள். ஸ்டர்ஜனை மல்லாக்கத் திருப்பினால் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். பல வேலைகளுக்கு மயக்க மருந்தே வேண்டியதில்லை. இதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவுக்கு மட்டுமே. தூண்டில்காரர் யாரும் படம் எடுக்கிறேன் என்று மீனைக் கரையேற்றக் கூடாது.

கருவியை இயக்குபவருக்கும் எச்சரிக்கை வேண்டும். ஈய மேலாடை அணிய வேண்டும், கதிர் அளவைப் பதியும் பட்டையை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும், படம் எடுக்கும் நொடியில் மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். தொலைவு இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். மீனைக் கையால் பிடித்துக்கொண்டே படம் எடுப்பது ஒருபோதும் கூடாது.

அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோப் பயன்படாதா?

ஸ்டர்ஜன் ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் நன்றாகவே உதவுகிறது. முள் தேடுவதற்கு அது தோதில்லை. குடலில் வாயு இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். எண்டோஸ்கோப் தொண்டை, உணவுக்குழல் வரை உதவும். அதற்கு மீனை மயக்க வேண்டும், நேரமும் கூடும். எம்.ஆர்.ஐ. என்ற பேச்சே வேண்டாம். இரும்பு முள் இருக்கும் வயிற்றை வலுவான காந்தத்துக்குள் வைத்தால் முள் உள்ளுக்குள்ளேயே கிழித்துக்கொண்டு நகரும்.

முள் உள்ளேயே கரைந்துவிடும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. பெரும்பாலான முட்கள் கார்பன் கூடிய எஃகு. மேலே வெண்கல நிறப் பூச்சோ, வெள்ளீயமோ, நிக்கலோ பூசியிருப்பார்கள். இரைப்பையின் அமிலமும் ஈரமும் மெல்ல அரிக்கும். முள் மெலிந்து, வளைவில் ஒடிந்து, துண்டுகளாகக் கழியலாம். மெல்லிய முள் விரைவாகவும், தடித்த முள் மெதுவாகவும் போகும். துருப்பிடிக்காத எஃகு மிக நீண்ட காலம் அப்படியே கிடக்கும். ஸ்டர்ஜன் இருக்கும் ஆற்றுக்கு அந்த வகை முள்ளை வாங்கவே வாங்காதீர்கள்.

ஆனால் "கரைந்துவிடும்" என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்பவர்கள் நரம்பை மறந்துவிடுகிறார்கள். நம்மூரில் தங்கூசி என்கிறோமே, அந்த நைலான் நரம்பு அரிக்காது. முள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்க, நரம்பு குடல் வழியே கீழே இழுபட்டால், குடல் அதன்மேல் சுருங்கிக் கொசுவமாகும், நரம்பு அறுக்கும். நரம்பு மெட்டல் டிடெக்டருக்கும் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. எனவே கழிவுத்துளையில் நரம்பின் நுனி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா, தொண்டைக்குள் நரம்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் சோதனையின் பகுதியே. கண்டால் இழுக்கக் கூடாது.

சோதித்த மீன்களில் இத்தனை பங்கில் உலோகம் இருந்தது என்றால், அத்தனை பங்கும் சாகும் என்று பொருளா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. நூறு மீன் உள்ள ஒரு மடுவில் ஆண்டுக்குப் பத்து மீன் முள் விழுங்குகிறது, ஒவ்வொரு முள்ளும் ஓராண்டு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் சோதித்தாலும் ஏறக்குறைய பத்து மீனில் முள் இருக்கும். இன்னொரு மடுவில் ஆண்டுக்கு இரண்டு மீன்தான் விழுங்குகிறது, ஆனால் முள் ஐந்தாண்டு தங்குகிறது. அங்கேயும் பத்து மீனில் முள் இருக்கும். கோல் இரண்டு மடுவிலும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். நடப்பதோ முற்றிலும் வேறு. முள் எவ்வளவு காலம் தங்குகிறது என்று தெரியாமல், எத்தனை முறை விழுங்குகிறது என்று சொல்லவே முடியாது.

இன்னொன்று, நம் தொட்டிலுக்கு வருவது உயிரோடு இருக்கும் மீன் மட்டும்தான். முள்ளால் செத்த மீன் ஆற்றின் அடியில் கிடக்கும். அது கணக்கில் வராது. உலோகம் உள்ள மீன்கள் எல்லாம் கொழுத்து நலமாக இருப்பதைக் கண்டு "முள்ளால் கெடுதல் இல்லை" என்று முடிவுகட்டினால், தப்பியவர்களிடம் மட்டும் விசாரித்துவிட்டு விபத்தில் யாரும் சாகவில்லை என்று சொல்வதைப் போன்றது அது.

ஆகவே ஒரே மீனைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அடையாளச் சில்லின் அருமை இங்கேதான். இந்த ஆண்டு முள்ளோடு பார்த்த மீன் சில ஆண்டுகள் கழித்து மறுபடி சிக்கும்போது அதே முள் இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறதா, நீளத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று ஒப்பிடலாம். முள் இருந்த மீன்களும் இல்லாத மீன்களும் சம அளவில் திரும்ப அகப்படுகின்றனவா என்பதும் ஒரு சான்று. பொறுமை வேண்டிய வேலை. நூறு ஆண்டு வாழும் மீனைப் பற்றி இரண்டு கோடைக்காலத்தில் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

அப்படியானால் இந்தச் சோதனையால் கிடைத்த பயன்தான் என்ன?

முள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இது திருப்பிப் போட்டது. தூண்டிலில் பிடிக்கும்போது மீன் ஆழமாக விழுங்குகிறது, நரம்பை அறுத்துவிடுகிறார்கள், முள் தங்கிவிடுகிறது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் பிடிபடும் ஸ்டர்ஜன்களில் முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுகிறது. தொண்டைக்குள் இறங்குவது அரிது. பிறகு வயிற்றில் கிடப்பவை யாருடைய முட்கள்?

ஆற்றின் அடியில் கைவிடப்பட்டவை. வேகமான நீரில் இரையை அடித்தரையில் நிறுத்தக் கனமான ஈயக்குண்டு கட்டுவார்கள். குண்டு பாறை இடுக்கில் சிக்கும். இழுத்தால் நரம்பு அறும். முள்ளும், அதில் கோத்த இரையும், பல மீட்டர் நரம்பும் அப்படியே அடியில் தங்கும். மீசையால் தடவிக்கொண்டு வரும் ஸ்டர்ஜனுக்கு அது சும்மா கிடைத்த சாப்பாடு. இழுத்து மாட்டவைக்க மறுமுனையில் ஆள் இல்லை; அவசரமில்லாமல் வயிறு வரை விழுங்கிவிடும்.

இடாஹோவின் விதி இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. ஈயக்குண்டை முதன்மை நரம்பில் நேரடியாகக் கட்டக் கூடாது. வழுக்கிச் செல்லும் ஓர் இணைப்பில், முதன்மை நரம்பைவிட வலுக்குறைந்த நரம்பால் தொங்கவிட வேண்டும். குண்டு பாறையில் சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள்ளும் இரையும் கைக்குத் திரும்பும். எதிர்முள் இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதும் அங்கே விதி. வாயோரத்தில் மாட்டியதை விரைவாகக் கழற்ற அது உதவும். ஆனால் வயிற்றுக்குள் போகாமல் காப்பதில் பெரும்பங்கு அந்த மெல்லிய நரம்புக்கே என்பது என் கருத்து. ஒரு சாண் நரம்பில் தீர்கிற சிக்கல் இது.

பிடித்த மீனின் தொண்டையில் முள் இருந்தால் எடுக்க வேண்டுமா?

கண்ணுக்குத் தெரிந்து, நீண்ட இடுக்கி எட்டுமானால், மீனைத் தண்ணீருக்குள் வைத்தே எடுங்கள். ஆழமாகக் குத்தியிருந்தால் தோண்டாதீர்கள். பல மீன் இனங்களில் பார்த்தவரை, ஆழத்தில் மாட்டிய முள்ளைப் பிடுங்குவதைவிட நரம்பை அறுத்துவிடுவதே மீன் பிழைக்க அதிக வாய்ப்பளிக்கிறது. எவ்வளவு உள்ளே கத்தரிக்கோல் எட்டுமோ அவ்வளவு உள்ளே அறுங்கள். நீள நரம்பு மிச்சம் இருக்கக் கூடாது.

காவிரியின் மஹ்சீருக்கும் இதே முறை பொருந்துமா?

கருவிகள் பொருந்தும், மீனின் உடலமைப்பு வேறு. மஹ்சீர் கெண்டைக் குடும்பம். கெண்டைகளுக்கு உண்மையான இரைப்பையே கிடையாது. அமிலத்தில் ஊறும் கட்டமும் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்கள் இரையை நசுக்கி நேரே குடலுக்கு அனுப்பும். எனவே ஸ்டர்ஜனின் வயிற்றில் முள் எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்ற கணக்கை மஹ்சீருக்கு எடுத்துவைக்கக் கூடாது. எலும்பும் குருத்தெலும்பு அல்ல. எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் விலா எலும்புகளும் பளிச்சென்று விழும், முள்ளைத் தேட இன்னும் கவனம் வேண்டும்.

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் 2018 முதல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. மோயாறு அதன் எஞ்சிய புகலிடங்களில் ஒன்று. அந்த மீனை ஆய்வுக்காகக் கையில் எடுக்கும் வாய்ப்பு அமையும்போதெல்லாம், ஒரு கைக்கோலை வயிற்றின் மேல் ஓட்டிப் பார்த்துக் குறித்து வைப்பது பெரிய செலவில்லை.

தூண்டில் போடாதவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. கோடையில் ஆறு வற்றும்போது பாறை இடுக்குகளில் அறுந்த நரம்புகள் வெளியே தெரியும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, நரம்பைச் சுண்டி இழுக்காமல் அது போகும் திசையிலேயே தடவிக்கொண்டு போனால் மறுமுனையில் முள் கிடைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். நரம்பைச் சிறு துண்டுகளாக நறுக்கிய பிறகே குப்பையில் போடுங்கள்.